புது பைக் ஓடும்போதே ஆஃப் ஆகிறதா? சிங்கப்பூர் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புது வண்டி எடுத்து சில வாரம்கூட ஆகியிருக்காது, காரணமே தெரியாமல் இன்ஜின் நின்றுபோகும், மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். நண்பர்களும் தெரிந்தவர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 2பி உரிமத்தில் ஓட்டும் 200 சிசி வரையிலான வண்டிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் பெரிய வண்டிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

"ரன்னிங்-இன் முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும்" என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். ரன்னிங்-இன் என்பது புது இன்ஜின் பழகிவரும் ஆரம்ப ஓட்டம். புது இன்ஜினில் பிஸ்டன், ரிங் எல்லாம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், காலையில் சூடேறுவதற்குள் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவது) தடுமாறி ஓரிரு முறை நின்றால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் 60-ல் போய்க்கொண்டிருக்கும்போது பட்டென்று நிற்பது ரன்னிங்-இன் சமாசாரமே கிடையாது. அது கோளாறு. முதல் சர்வீஸ் பெரும்பாலான வண்டிகளுக்கு 1,000 கிலோமீட்டரில் வரும், "அதுவரை பொறுங்கள்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். இன்றைக்கே புகாரை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், அப்புறம் பொறுத்திருங்கள். ஏன் எழுத்தில் என்பதைக் கீழே சட்டம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இன்ஜின் நின்ற அந்த நொடியில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பாதுகாப்பாக ஓரம் கட்டிய பிறகு, சாவியைத் தொடுவதற்கு முன்னால், மீட்டரைப் பாருங்கள். மீட்டரும் சேர்ந்து இருண்டுவிட்டதா, அல்லது வெளிச்சம் அப்படியே இருந்து இன்ஜின் மட்டும் நின்றதா? மீட்டரும் போய்விட்டால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச் இந்த மூன்றைச் சுற்றித்தான் தேட வேண்டும். மீட்டர் எரிந்துகொண்டிருந்தால் பெட்ரோல், ஸ்பார்க், அல்லது இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சுகளில் ஏதோ ஒன்று.

அடுத்தது, நின்ற விதம். சுவிட்சை அணைத்தது போல ஒரே வெட்டாக நின்றால் மின்சாரப் பக்கம். இழுத்து, குலுங்கி, விக்கி விக்கி நின்றால் பெட்ரோல் அல்லது காற்றுப் பக்கம். பிறகு சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யும்போது காது கொடுத்துக் கேளுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் டேங்க் பக்கமிருந்து இரண்டு மூன்று நொடிக்கு "ஊம்" என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால், கில் சுவிட்ச் (கைப்பிடியில் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) ஆனில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பம்பையும் அதற்குப் போகும் கரண்ட்டையும் சந்தேகப்படலாம்.

இவ்வளவையும் கைபேசியில் உடனே குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், டேங்கில் எவ்வளவு இருந்தது, எந்த கியர், வண்டி சூடாக இருந்ததா, மழையா வெயிலா. மெக்கானிக்கிடம் "சில சமயம் நிற்கிறது" என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. "மீட்டர் எரிகிறது, பம்ப் சத்தம் வரவில்லை, இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது" என்று சொன்னால் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்கூட்டர் சிக்னலில் நின்றதுமே ஆஃப் ஆகிறது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் தானே ஸ்டார்ட் ஆகிறது. என்ன இது?

கோளாறே இல்லை. ஹோண்டா பிசிஎக்ஸ், ஏடிவி, யமஹா என்மேக்ஸ் போன்ற ஸ்கூட்டர்களில் பெட்ரோலை மிச்சப்படுத்த, நின்ற சில நொடிகளில் இன்ஜின் தானாக அணையும் வசதி பல ரகங்களில் உண்டு. கைப்பிடிக்கு அருகில் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும், வேண்டாம் என்றால் அணைத்து வையுங்கள். சாவி கொடுக்கும்போது கடையில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், பயந்துபோய்க் கேட்பவர்கள் நிறையப் பேர்.

கியர் பைக். சிக்னலுக்கு வேகத்தைக் குறைக்கும்போது நிற்கிறது.

இரண்டு வாய்ப்பு. ஒன்று கிளட்ச். லீவரின் நுனியில் விளையாட்டு (கிளட்சை இழுக்கத் தொடங்கும் முன் தளர்வாக அசையும் தூரம்) பெரும்பாலான வண்டிகளில் 10-லிருந்து 20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் (உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும்). அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் லீவரை முழுதாகப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது, சக்கரம் நிற்கும்போது இன்ஜினையும் இழுத்து நிறுத்திவிடும். சோதிப்பது எளிது: நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்குப் போய்ப் பாருங்கள். நியூட்ரலில் நிற்காமல் கியரில் மட்டும் நின்றால் கிளட்ச் கேபிளை இறுக்கினால் போதும். புது கேபிள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், அதனால் இது சகஜம்.

இன்னொன்று ஐடிலிங். நியூட்ரலிலும் சுற்று தாழ்ந்து தாழ்ந்து நின்றால், ஐடிலிங்குக்குக் காற்றை அளந்து விடும் வால்வு, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் பாடி, அல்லது எங்கோ காற்று கசியும் ரப்பர் இணைப்பு. புது வண்டியில் அந்த ரப்பரின் கிளிப் சரியாக இறுக்கப்படாமல் வருவது உண்டு. முதல் சர்வீஸில் வால்வு இடைவெளி பார்த்தார்களா என்றும் கேளுங்கள். வால்வு மிக இறுக்கமாக இருந்தால் ஐடிலிங் கெடும்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் நிற்கிறதே?

சைடு ஸ்டாண்டு சுவிட்ச். கண்ணை மூடிக்கொண்டு முதலில் அங்கேதான் பார்ப்பேன். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் அணைய வேண்டும், அதற்காக வைத்திருக்கும் சுவிட்ச் அது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ சுவிட்ச் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலோ, குலுக்கலில் ஸ்டாண்டு லேசாக அசைந்ததும் இன்ஜின் வெட்டிவிடும். காக்கி புக்கிட்டில் ஒரு வயதான மெக்கானிக் அங்கிள் இதைச் சோதிப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்தக் கருவியும் எடுக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டு, மேலே மடிந்திருந்த ஸ்டாண்டைச் செருப்பு நுனியால் மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் இன்ஜின் நின்றது. சுவிட்சை மாற்றியதும் அந்த வண்டியின் தொல்லை தீர்ந்தது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், கிளட்சை மட்டும் விட்டுவிடாதீர்கள், முன்னால் ஆள் நிற்கக் கூடாது.

ஸ்டாண்டில் கோளாறு இல்லை என்றால் பேட்டரி டெர்மினல். கடையில் வண்டியைத் தயார் செய்யும்போதுதான் பேட்டரியை மாட்டுகிறார்கள், அந்த போல்ட் அரைகுறையாக இறுக்கப்பட்டிருந்தால் குலுக்கலில் மீட்டரும் சேர்ந்து அணையும். சீட்டைக் கழற்றி இரண்டு விரலால் அசைத்துப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது.

பெட்ரோல் நிரப்பிய பிறகுதான் பிரச்சினை வருகிறது. பெட்ரோல் சரியில்லையா? 98 போட்டால் தீருமா?

98 போடுவதால் இது தீராது. உங்கள் வண்டிக்கு 92 அல்லது 95 போதும் என்று கையேடு சொன்னால் அதற்கு மேல் போடுவது பணத்துக்குத்தான் கேடு. ஜோகூரில் 97 போட்டதால் நிற்கிறது என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கவனிக்க வேண்டியது எவ்வளவு நிரப்புகிறீர்கள் என்பதை. விளிம்பு வரை ததும்பத் ததும்ப நிரப்பினால், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா உள்ள வண்டிகளில் திரவப் பெட்ரோலே அதற்குள் போய்விடும், நிரப்பிய கொஞ்ச தூரத்தில் இன்ஜின் திணறும், நிற்கும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். டேங்க் வாயின் உள்ளே கீழ்நோக்கி ஒரு தகடோ குழாயோ இருக்கும், அதன் அடிப்பகுதியோடு நிறுத்திவிடுங்கள்.

நேர் எதிரான சங்கதியும் உண்டு. நிரப்பி அரை மணி, முக்கால் மணி ஓட்டிய பிறகு விக்கி விக்கி நிற்கிறது என்றால், டேங்க் மூச்சுக்குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மூடியதும் வண்டி நன்றாக ஓடினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதையும் வீடியோ எடுத்துவிடுங்கள், சத்தம் நன்றாகப் பதியும்.

உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது நிற்கிறது. ஆற வைத்தால் ஓடுகிறது.

தினமும் ஜோகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் அதிகம் சொல்வது இது. சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் முதலில் ரேடியேட்டர் மின்விசிறி சுற்றுகிறதா, கூலன்ட் அளவு சரியா என்று பாருங்கள் (காற்றில் குளிரும் இன்ஜின் என்றால் இந்த வேலை இல்லை). அது சரியாக இருந்தால் இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் அல்லது ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். இவற்றுக்குள் இருக்கும் மெல்லிய செம்புச் சுருளில் குறை இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும், ஸ்பார்க் வராது, இருபது நிமிடம் ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த வண்டியைச் சோதித்தால் அளவெல்லாம் சரியாகத்தான் காட்டும். அதனால் வண்டியைக் கொடுக்கும்போதே "சூடாக்கிச் சோதியுங்கள்" என்று வேலைச் சீட்டில் எழுத வையுங்கள்.

மழையில் மட்டும்?

ஸ்பார்க் பிளக் மூடி, வயர் இணைப்புகள். இவை தவிர பலர் பார்க்காமல் விடுவது டேங்க் மூடியைச் சுற்றியுள்ள குழியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு துளை. அது அடைத்தால் தண்ணீர் அங்கே தேங்கி டேங்குக்குள் இறங்கும். நவம்பர், டிசம்பர் மழையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விடுகிறவர்கள் மழைக்கு அடுத்த நாள் காலையில் மூடியைத் திறக்கும் முன் அந்தக் குழியைப் பார்ப்பது நல்லது.

ஓபியூ கருவி, கேமரா, அலாரம் இதெல்லாம் மாட்டியதால் இருக்குமா?

இருக்கலாம், ஆனால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் மாட்டிய விதத்தைப் பாருங்கள். புது இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) முறைக்கான ஓபியூ ஆகட்டும், கேமரா ஆகட்டும், பேட்டரியிலிருந்து வயர் எடுக்கும்போது டெர்மினலைக் கழற்றித்தான் மாட்டுவார்கள். திரும்ப இறுக்கியதில் குறை இருந்தாலோ, டேங்குக்கு அடியில் வயர் நசுங்கினாலோ தொல்லை வரும். அலாரம் வேறு ரகம், சில அலாரங்கள் இன்ஜினின் மின்சாரத்தையே வெட்டும்படி இணைக்கப்படும், அது தானாக வெட்டினால் வண்டி நடுரோட்டில் நிற்கும். வெளியே மாட்டிய அலாரம் என்றால் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் மாற்றினேன், அதிலிருந்துதான் நிற்கிறது.

பழையதை மாட்டிப் பாருங்கள். புகை போகும் வழி மாறினால் பெட்ரோல் காற்றுக் கலவை குறிப்பாக ஐடிலிங்கில் மெலிந்துபோகலாம். நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்காத எக்ஸாஸ்ட் சட்டப்படி கூடாது, உத்தரவாதக் கோரிக்கையையும் அது கெடுத்துவிடும்.

வண்டி சாய்ந்து விழுந்தது, நிமிர்த்தினேன், ஸ்டார்ட் ஆகவில்லை.

சாய்வைக் கண்டுபிடிக்கும் சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும். சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகும். விழாமலேயே அந்த சென்சார் வெட்டினால் அதன் பொருத்துகை தளர்ந்திருக்கலாம், வளைவுகளில் நிற்கிறது என்று சொல்பவர்கள் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. நானே படிக்க முடியுமா?

பல ஹோண்டா வண்டிகளில் முடியும். நீண்ட மினுக்கு ஒன்றுக்குப் பத்து, குட்டை மினுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நீளம், ஒன்பது குட்டை என்றால் 29, ஐடிலிங் காற்று வால்வு. 54 என்றால் சாய்வு சென்சார். யமஹாவில் எண்கள் வேறு, அங்கே 30 என்பது சாய்வு சென்சார், 12 என்பது கிராங்க் சென்சார். விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. டேங்க் மூச்சுக்குழாய் அடைப்போ தளர்ந்த கிளட்ச் கேபிளோ எந்த விளக்கையும் எரியவைக்காது.

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால்?

உடனே கிளட்சைப் பிடியுங்கள், இல்லையென்றால் பின்சக்கரம் இழுக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது அப்புறம், வண்டிக்கு இன்னும் வேகம் இருக்கும்போதே கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு இடது ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ஓரம் கட்டியதும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் விரைவுச்சாலைகளில் பழுதாகி நிற்கும் வண்டிகளை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இலவசமாகக் கொண்டுபோய் விடும், அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்கு உங்கள் செலவு. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கப் பகுதி மாதிரி இடங்களில் ஓரம் குறுகல், அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க முயலவே வேண்டாம். வண்டியைவிட நீங்கள் முக்கியம்.

வொர்க்‌ஷாப்பில் விட்டால் நன்றாக ஓடுகிறது. "பாஸ், எல்லாம் ஓகே" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போன மாதிரிதான். அவர்களைத் திட்டிப் பயனில்லை, வராத கோளாறை யாராலும் பிடிக்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, கோளாறு வரும் சூழலோடு வண்டியைக் கொடுப்பது. காலையில் ஆறிய இன்ஜினில் வருகிறதென்றால் முந்தின நாள் மாலையே விட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது வருகிறதென்றால் மெக்கானிக்கையே கொஞ்ச நாள் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். மீட்டரும் இன்ஜின் சத்தமும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ, நீளமான விளக்கத்தைவிட மேல்.

அப்புறம் அந்த வேலைச் சீட்டு. "கஸ்டமர் சர்வீஸ் கேட்டார்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "ஓடும்போது இன்ஜின் நிற்பதாகப் புகார்" என்று தேதி, கிலோமீட்டரோடு இருக்க வேண்டும். கோளாறு கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பும் செய்தியும் நல்ல ஆதாரம். உங்கள் மாடலுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்றும் விநியோகஸ்தரிடம் கேட்டுவிடுங்கள், ஒரே கோளாறு நிறைய வண்டிகளில் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

சட்டப்படி எனக்கு என்ன உரிமை?

'லெமன் லா' என்று எல்லோரும் சொல்லும் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, மோட்டார்சைக்கிளுக்கும் பொருந்தும். அதன் சாரம் இதுதான்: வண்டி கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. 6 மாதம் தாண்டிவிட்டால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். "ரன்னிங்-இன்", "கொஞ்ச நாள் பாருங்கள்" என்று நாளைத் தள்ளவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நாள் ஓடினால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

முதலில் பழுதுபார்த்துத் தரவோ வேறு வண்டி தரவோ கேட்கலாம். நியாயமான காலத்துக்குள், உங்களைப் பெரிதாக அலைக்கழிக்காமல் அதைச் செய்யவில்லை என்றால் விலையில் ஒரு பகுதியைக் குறைக்கவோ, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கவோ கேட்கலாம். ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையைக் கழிக்க இடமுண்டு. இதெல்லாம் உங்களுக்கு விற்ற கடையிடம் கேட்க வேண்டியவை, ஜப்பானில் தயாரித்தவரிடம் அல்ல. கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்கள்" என்று கைகாட்டினால் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று காட்டுங்கள்.

பேசி முடியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேச உதவும். அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை வழக்கு எடுக்கும், 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. அந்த வேலைச் சீட்டுகளும் குறிப்புகளும் வீடியோவும்தான் அங்கே உங்களுக்காகப் பேசும். கடனில் எடுத்த வண்டி என்றால் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், அது தனிப் பிரச்சினையாக வெடிக்கும்.

உணவு டெலிவரிக்கு ஓட்டுகிறேன். எனக்கும் இது உண்டா?

முழுக்க முழுக்கத் தொழிலுக்கு மட்டும் வாங்கியிருந்தால் இந்தப் பயனீட்டாளர் சட்டம் உதவாது. சொந்த உபயோகமும் சேர்ந்திருந்தால் கேட்டுப் பார்க்க வழியுண்டு, கேஸிடம் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள். உத்தரவாதப் புத்தகத்தில் வாடகை, டெலிவரி பற்றித் தனி நிபந்தனை இருக்கிறதா என்றும் படியுங்கள்.

தெரிந்தவரிடமிருந்து கைமாறிய, ஒரு வருடம்கூட ஆகாத வண்டி?

தனியாள் தனியாளுக்கு விற்றதில் லெமன் லா வராது. உற்பத்தியாளர் உத்தரவாதம் மிச்சமிருந்தால் அது புது உரிமையாளருக்கும் தொடருமா என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சரி பார்த்து முடியும் வரை ஓட்டலாமா?

நின்றிருக்கும்போது ஐடிலிங்கில் மட்டும் அணைகிற வண்டியைக் கவனமாக ஓட்டலாம். ஓட்டத்தில் ஒரு முறை நின்றிருந்தாலும் விரைவுச்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள், பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். காரணம் கண்டுபிடித்து, மாற்றிய பாகத்தின் பெயர் சீட்டில் எழுதப்பட்டு, பழைய நிலைமையிலேயே (அதே சூடு, அதே நெரிசல், அதே மேடு பள்ளம்) நிற்காமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு எடுங்கள். வேலைக்குப் போக வேறு வழியில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது, எம்ஆர்டியில் போங்கள், இரண்டு வாரம்தானே. லாரிக்கு முன்னால் இன்ஜின் நின்ற பிறகு யாரும் அந்த இரண்டு வாரத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.